ஒருநாள் உலாவும் ஊர்ப்புற மதுவிடுதியும்: தாமஸ் ஹார்டியின் நாவல்களில் இணையர்

ஆங்கில நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம் ஒன்று உண்டு. விடுமுறை நாளொன்றில் கணவனும் மனைவியும், அல்லது மணம் பேசி முடித்த இருவரும், காலையில் புறப்பட்டு ஊர்ப்புறத்தை நோக்கிச் செல்வர். வயல்களுக்கும் வேலிகளுக்கும் இடையே வளைந்து செல்லும் பாதையில் நடந்தோ வண்டியிலோ சென்று, உச்சிவேளையில் ஒரு சிற்றூரின் மதுவிடுதியை அடைவர். தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த உத்திரங்கள், கணகணவென்று எரியும் கணப்பு, காலத்தால் கறுத்த மரப்பலகை இருக்கைகள், வாசலில் சிவப்புச் சிங்கமோ வெள்ளைக் கலைமானோ தீட்டிய பெயர்ப்பலகை ஆகியவை அவ்விடுதியின் அடையாளங்கள். அங்கே ஆளுக்கொரு குவளை பீரும் எளிய உணவும் கொண்டு, சிறிது நேரம் பேசியிருந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவர். ஒரு நாளின் அளவே கொண்ட இச்சிறு பயணம் ஆங்கிலேயரின் இன்ப நினைவுகளுள் தனி இடம் பெற்றது.

இவ்விடுதியை ஆங்கில இலக்கியம் பெரும்பாலும் மகிழ்ச்சியின் நிறத்திலேயே தீட்டியுள்ளது. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' (1836-37) நாவலில், காதலில் தோல்வியுற்ற டப்மன் உலகையே வெறுத்தவனாகக் கென்ட் மாவட்டத்துக் காபம் என்னும் சிற்றூரின் 'லெதர் பாட்டில்' விடுதியில் அடைக்கலம் புகுகிறான். அவனுக்கு என்ன நேர்ந்ததோ என்று அஞ்சித் தேடிவந்த நண்பர்கள், பொரித்த கோழியும் பன்றி இறைச்சியும் ஏல் என்னும் பீரும் நிறைந்த மேசையின் முன்னே அவன் அமர்ந்திருக்கக் காண்கின்றனர். எச்.ஜி. வெல்ஸின் 'மிஸ்டர் பாலியின் வரலாறு' (1910) என்னும் நாவலில், கடை வாழ்விலும் இல்லற வாழ்விலும் சலிப்புற்று ஓடிப்போன நாயகன், ஆற்றங்கரையில் அமைந்த பாட்வெல் விடுதியிலேயே மன அமைதி பெறுகிறான். ஜார்ஜ் ஆர்வெல் 1946ஆம் ஆண்டு 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' இதழில் 'தி மூன் அண்டர் வாட்டர்' என்ற பெயரால் லண்டனில் உள்ளதாக ஒரு விடுதியை வருணித்து, அதன் சிறப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி, இறுதியில் அப்படி ஒரு விடுதியே இல்லை என்று முடித்தார். இல்லாத ஒன்றுக்காக அத்தனை ஏக்கம்!

இந்த இன்பச் சித்திரத்தின் மறுபுறத்தைக் காட்டியவர் தாமஸ் ஹார்டி (1840-1928). இவர் நகரத்திலிருந்து ஒருநாள் வந்து பார்த்துப் போனவர் அல்லர். டார்செட் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, அம்மண்ணின் பேச்சையும் பாட்டையும் உழைப்பையும் உள்ளிருந்தே அறிந்தவர். விடுதியின் இன்பத்தை அவர் மறுக்கவில்லை. அதனைச் சுவைபடவே எழுதியுள்ளார். ஆயின் அந்த இன்பத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்ற வினாவையும் அவர் நாவல்கள் உடன் எழுப்புகின்றன. மதுவிடுதியின் கதவு இருவருக்கும் திறக்கிறது. வெளியே வரும்போது ஆண் அதனை அங்கேயே விட்டுவிட்டு வருகிறான், பெண்ணோ அதனைச் சுமந்துகொண்டு வருகிறாள். இக்கருத்தை ஹார்டியின் நாவல்களில் மதுவிடுதிக்குச் செல்லும் மூன்று இணையரைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஆராய்ச்சிக்குள் புகுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. தமிழ் மாணவர் ஆங்கில நாவல்களைப் படிக்கும்போது இடறி நிற்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. பழைய இங்கிலாந்தில் பயணிகளுக்கு உணவும் உறையுளும், குதிரைகளுக்கு லாயமும் அளித்த இடம் ஒருவகை. திராட்சை மது விற்ற இடம் மற்றொரு வகை. உள்ளூரார் கூடிப் பீர் அருந்திய எளிய வீடு வேறொரு வகை. காலப்போக்கில் இவையனைத்தும் 'பொதுமக்கள் வந்து போகும் வீடு' என்று பொருள்படும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. இன்று வழங்கும் 'பப்' என்பது அப்பெயரின் குறுக்கமே. 'சத்திரம்' என்று மொழிபெயர்த்தால் வழிப்போக்கருக்கு அறமாகச் சோறிடும் இடம் நினைவுக்கு வரும். 'கள்ளுக்கடை' என்று மொழிபெயர்த்தால், மலேசியத் தோட்டப்புற வாழ்வை அறிந்தவர்க்கு வேறொரு காட்சி கண்முன் எழும். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டங்களிலிருந்த கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. அச்சொல்லின் பின்னே அத்தகைய துயர வரலாறு நிற்கிறது. எனவே, இரண்டையும் தவிர்த்து, 'மதுவிடுதி' என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

ஆயினும் 'பொது வீடு' என்ற மூலப்பொருளை மறத்தலாகாது. வீடு என்பது தனிமைக்குரியது; பொது என்பது பலர் பார்வைக்குரியது. இரண்டும் ஒரே பெயரில் முரண்பட்டு நிற்கின்றன. தனித்திருக்க விரும்பும் இருவர் பலர் கூடும் இடத்தைத் தேடிச் செல்கின்றனர். ஹார்டியின் கலை இந்த முரணிலேயே வேர்கொண்டுள்ளது.

ராலிவர் விடுதியில் ஒரு தாய்

1891ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'டெஸ்' நாவலின் தொடக்கத்தில் முதல் இணையரைக் காண்கிறோம். அவர்கள் காதலர் அல்லர். பிள்ளைகள் பலரைப் பெற்ற ஜான் டர்பிபீல்டும் அவன் மனைவி ஜோனும் ஆவர். தான் பழம்பெருங்குடி ஒன்றின் வழித்தோன்றல் என்று பாதிரியார் ஒருவர் வாயிலாக அறிந்த ஜான், அம்மகிழ்ச்சியைக் கொண்டாட ராலிவர் என்னும் விடுதிக்குச் செல்கிறான். அவனை அழைத்துவரச் சென்ற மனைவியும் அங்கேயே தங்கிவிடுகிறாள்.

இவ்விடுதியின் அமைப்பை ஹார்டி நுணுக்கமாக விளக்குகிறார். பீரை விற்க அதற்கு உரிமம் உண்டு. அங்கேயே அமர்ந்து குடிக்கவிட உரிமம் இல்லை. சட்டத்திற்கு இணங்கும் பாவனையில், தோட்டத்து வேலியில் கம்பியால் கட்டிய ஆறு அங்குல அகலப் பலகையொன்று வெளியே இருக்கிறது. வழிப்போக்கர் அதன்மேல் குவளையை வைத்துக்கொண்டு தெருவில் நின்று குடிக்க வேண்டும். உள்ளூராரோ மாடிப் படுக்கையறையில், சன்னலைக் கம்பளிச் சால்வையால் மறைத்துக்கொண்டு, கட்டிலிலும் பெட்டியிலும் அமர்ந்து குடிக்கின்றனர். 1830ஆம் ஆண்டின் பீர்க்கடைச் சட்டம், வரி செலுத்துவோர் எவரும் இரண்டு கினி கட்டணம் செலுத்திப் பீர் விற்கலாம் என்று வழிவிட்டது; 1869ஆம் ஆண்டின் சட்டம் அவ்வுரிமையை மீண்டும் நீதிபதிகளின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அரசின் விதிக்கும் ஊராரின் தாகத்துக்கும் இடையே நடந்த அந்த இழுபறியை அறிந்தவர்க்கு, வேலிப் பலகையும் சன்னல் சால்வையும் வெறும் நகைச்சுவையாகத் தோன்றமாட்டா.

இங்கு நோக்கத்தக்கது ஜோனின் மனநிலை. குழந்தைகளை வளர்க்கும் ஓயாத உழைப்பில் அவளுக்கு எஞ்சியிருக்கும் இன்பம் இது ஒன்றே. கணவனைத் தேடும் சாக்கில் விடுதிக்குச் சென்று, அவன் அருகில் ஓரிரு மணி நேரம் அமர்ந்து, பிள்ளைகளைப் பற்றிய கவலையைத் துறந்திருப்பதில் அவள் மகிழ்ச்சி காண்கிறாள். அப்போது அவளுக்கு வாழ்வின் தொல்லைகள் தொலைவில் சென்று மங்குகின்றன. கணவன் அருகிலிருப்பது பழைய காதல் நாட்களை நினைவூட்டுகிறது. இப்பகுதியை ஹார்டி பரிவோடு எழுதியுள்ளார். குடியைக் கண்டித்து அறவுரை கூறும் எழுத்தாளர் எவரும் ஓர் ஏழைத் தாயின் இச்சிறு இன்பத்தை இத்தனை நேர்மையுடன் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.

ஆனால் அதே இரவு விலை கேட்கிறது. தேன்கூடுகளை விடிவதற்குள் காஸ்டர்பிரிட்ஜ் சந்தைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தந்தையால் எழ இயலவில்லை. மூத்த மகள் டெஸ் தம்பியைத் துணைக்கழைத்துக்கொண்டு நள்ளிரவு கடந்த வேளையில் வண்டியைச் செலுத்துகிறாள். வழியில் கண்ணயர்கிறாள். எதிரே விரைந்துவந்த அஞ்சல் வண்டியின் கூர்நுனி பாய்ந்து, குடும்பத்தின் ஒரே வாழ்வாதாரமான பிரின்ஸ் என்னும் குதிரை இறக்கிறது. இறந்த குதிரைக்குத் தானே காரணம் என்று டெஸ் நெஞ்சறிய நம்புகிறாள். அக்குற்ற உணர்வே அவளை டிராண்ட்ரிட்ஜ் ஊரின் செல்வர் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. அவள் வாழ்வின் கேடு அங்கேதான் தொடங்குகிறது. பெற்றோர் இருவரின் ஓரிரு மணி நேர இன்பத்துக்கான கணக்கு, அவ்விடுதியில் ஒரு துளியும் அருந்தாத மகளின் பெயரில் எழுதப்படுகிறது. தோட்டப்புறக் குடும்பங்களின் கதையை அறிந்த வாசகர், இங்கு ஆங்கில நாவலொன்றைப் படிப்பதாகவே உணரமாட்டார்.

கதவு திறக்கும்போதெல்லாம்

அதே நாவலின் 33ஆம் அதிகாரத்தில் இரண்டாம் இணையர் வருகின்றனர். டெஸ்ஸும் ஏஞ்சல் கிளேரும் மணம் செய்துகொள்ளவுள்ளனர். பால்பண்ணையை விட்டு வெளியே சென்று, மணத்துக்கு முன் கடைசியாக ஒரு நாளைக் காதலராகவே கழிக்க ஏஞ்சல் விரும்புகிறான். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முதல்நாள் இருவரும் குதிரை வண்டியில் அருகிலுள்ள நகருக்குச் சென்று, ஒரு விடுதியில் வண்டியை நிறுத்திவிட்டு, வேண்டிய பொருள்களை வாங்குகின்றனர். தங்கள் வாழ்வில் முதன்முறையாக இருவரும் ஒரே குடும்பத்தாரைப்போல் கூடிப் பொருள் வாங்கும் நாள் அது. நகரெங்கும் பச்சைத் தழை அலங்காரம். வெளியூரிலிருந்து வந்த மக்கள் கூட்டம். காதலனின் கையைப் பற்றி நடக்கும் டெஸ்ஸின் முகத்தில் அழகும் மகிழ்ச்சியும் கலந்து ஒளிர்கின்றன. ஒருநாள் உலாவின் இன்பம் முழுவதும் இச்சில வரிகளில் அடங்கியுள்ளது.

மாலையில் விடுதிக்குத் திரும்புகின்றனர். வண்டியைக் கொண்டுவர ஏஞ்சல் லாயத்துக்குச் செல்கிறான். டெஸ் நடையில் தனித்து நிற்கிறாள். கூடத்தினுள் கூட்டம் நிறைந்திருக்கிறது. மக்கள் வருவதும் போவதுமாக உள்ளனர். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் வெளிச்சம் அவள் முகத்தின்மேல் முழுமையாக விழுகிறது. அவ்வழியே வெளியேறிய இருவருள் ஒருவன் அவளை அடையாளம் கண்டுகொண்டு, அவள் கன்னிமையை ஐயுறும் சொல் ஒன்றைத் தன் தோழனிடம் கூறுகிறான். லாயத்திலிருந்து திரும்பிய ஏஞ்சல் அதனைக் கேட்டு, எண்ணிப் பாராமல் அவன் முகவாயில் குத்துகிறான். அடிபட்டவன் தான் ஆள் மாறாட்டமாகப் பேசிவிட்டதாகக் கூறி மன்னிப்புக் கேட்கிறான். ஏஞ்சல் அவனுக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்கிறான். வண்டி புறப்பட்டுச் சென்றபின், தான் சொன்னது பிழையே அன்று என்று அம்மனிதன் தன் தோழனிடம் ஒப்புக்கொள்கிறான்.

இக்காட்சியின் ஆற்றல் மிகச்சிறிய ஓர் அமைப்பில் உள்ளது. விடுதியின் வெளிச்சம் கணப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் வருவது. உள்ளே அமர்ந்திருப்போர்க்கு அது இன்பமான வெளிச்சம். நடையில் காத்து நிற்கும் பெண்ணுக்கோ அதே வெளிச்சம் கொடிதாகிறது. அவள் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, வாசலில் நிற்கிறாள். முகம் மறைக்கவும் இயலாது, விலகிச் செல்லவும் இயலாது. அறிஞர் சிலர் டிக்கன்ஸின் விடுதிக் கணப்புகளைப் போற்றி எழுதுவர். அக்கணப்பின் ஒளி கதவிடுக்கு வழியே யார்மேல் விழுகிறது என்று கேட்க வைத்தவர் ஹார்டி.

ஏஞ்சலின் செயலையும் நோக்க வேண்டும். ஒரு பெண்ணை விடுதி நடையில் தனியே நிற்கவிட்டது தன் தவறு என்று அவனும் உணர்கிறான். ஆயினும் அவ்வுணர்வை அவன் ஐந்து ஷில்லிங்கில் தீர்த்துக்கொள்கிறான். அவனைப் பொறுத்தவரை அந்நிகழ்ச்சி அங்கேயே முடிந்துவிட்டது. டெஸ்ஸுக்கு அது முடியவில்லை. திரும்பும் வழியில், திருமணத்தைத் தள்ளிவைக்க இயலுமா என்று கேட்கிறாள். அன்றிரவே தன் கடந்தகாலம் முழுவதையும் நான்கு பக்கங்களில் எழுதி, அவன் அறைக் கதவின் கீழே செருகுகிறாள். அக்கடிதம் தரைவிரிப்பின் அடியில் சிக்கி, அவன் கண்ணில் படாமலே போகிறது. மணநாளன்று காலையில் அதனை அவளே கண்டெடுத்துக் கிழித்துவிடுகிறாள். மணம் நடந்த அன்றிரவு உண்மை வெளிப்பட்டபோது, விடுதி வாசலில் அவளுக்காக ஒரு மனிதனை அடித்த அதே ஏஞ்சல் அவளைக் கைவிடுகிறான். அந்நியன் ஒருவன் சொன்னபோது அவதூறாகத் தோன்றிய செய்தி, அவள் வாயால் வந்தபோது மன்னிக்க இயலாத குற்றமாகிறது. ஏஞ்சல் காத்தது டெஸ்ஸையா, அவளைப் பற்றித் தான் கொண்டிருந்த கற்பனையையா என்ற வினாவுக்கு விடுதிக் காட்சியே முன்கூட்டி விடை தந்துவிடுகிறது.

பீரைச் சுவைத்துப் பார்த்தவள்

மூன்றாம் இணையர் 1895ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜூட்' நாவலில் இடம்பெறுகின்றனர். கல்தச்சுத் தொழில் பயின்றுகொண்டே கிரேக்கமும் லத்தீனும் கற்று, கிறைஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேரக் கனவு காணும் ஏழை இளைஞன் ஜூட். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரேக்க விவிலியத்தைப் படிக்க வேண்டிய பிற்பகலில், சிறிது நேரம் மட்டும் என்று எண்ணி அரபெல்லாவைக் காணச் செல்கிறான். நடை நீள்கிறது. தொலைவில் தெரிந்த தீயைப் பார்க்க ஓடுகின்றனர். களைப்புற்று, சிறிய விடுதி ஒன்றில் தேநீர் கேட்டு அமர்கின்றனர். பீர் கேட்டிருந்தால் உடனே வந்திருக்கும். தேநீர் வரக் காணோம். சுவரில் சிம்சோன், தெலீலாள் படம் தொங்குகிறது. மேசையில் குவளை வட்டங்களின் கறை. தரையில் மரத்தூள் இட்ட எச்சிற்கலங்கள். சாய்ந்துவரும் சூரியனின் ஒளி. மது ஓடாத ஞாயிறு மாலையில் ஒரு மதுவிடுதி எத்தனை சோர்வளிக்கும் என்பதை ஹார்டியைப்போல் எழுதிக்காட்டியவர் அரியர். காத்திருந்து சலித்து இருவரும் பீரே வரவழைக்கின்றனர்.

அரபெல்லா ஒரு மிடறு பருகியதும் முகம் சுளிக்கிறாள். அதில் கலப்படம் உள்ளது என்கிறாள். மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறு என்னென்ன சேர்ந்துள்ளன என்று மூன்று நான்கு பொருள்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிறாள். கிரேக்க மொழியின் அருஞ்சொற்களை அறிந்த ஜூட் வியந்து நிற்கிறான். அவளுக்கு இது எவ்வாறு தெரிந்தது என்று ஆராயத் தோன்றவில்லை. மணநாளன்று இரவுதான், அவள் முன்பு ஆல்ட்பிரிக்காம் நகரின் மதுவிடுதி ஒன்றில் மது ஊற்றிக் கொடுக்கும் பணியில் இருந்தவள் என்று அறிகிறான். அவள் கூந்தலும் பொய்யென்று அதே இரவில் தெரியவருகிறது.

விமர்சகர் பலரும் இக்காட்சியில் ஜூடின் வீழ்ச்சியையே காண்பர். சுவரிலுள்ள படமும் அதனையே வற்புறுத்துகிறது. மனைவியோடு பூசல் ஏற்பட்டபின் அவன் குடிக்கத் தேடிச் செல்லும் விடுதியும் இதுவே. அதே படத்தைக் கண்டுதான் இடத்தை அடையாளம் தெரிந்துகொள்கிறான். பின்னர் கிறைஸ்ட்மின்ஸ்டரில் கல்லூரி வாயில்கள் அடைபட்ட நிலையில், தான் கற்ற லத்தீனை ஒரு மதுக்கூடத்தில் ஒரு குவளை மதுவுக்காக ஒப்பிக்கும் இழிநிலைக்கும் ஆளாகிறான். இவையனைத்தும் உண்மையே.

ஆயின் அந்தப் பீர்க் குவளையை அரபெல்லாவின் பக்கமிருந்தும் நோக்குதல் வேண்டும். அவள் பெற்றிருந்தது உழைப்பால் வந்த அறிவு. பிறருக்கு ஊற்றிக் கொடுத்துக் கற்ற பாடம் அது. கற்றவனால் கண்டறிய இயலாத கலப்படத்தை அவள் நாவு கண்டறிகிறது. ஓர் ஆண் அதனைச் சொல்லியிருந்தால் விவரமறிந்தவன் என்று புகழ்வர். ஒரு பெண் சொல்லும்போது அவள் கடந்தகாலத்தின்மேல் ஐயம் எழுகிறது. டெஸ்ஸைப் பற்றி விடுதி அறிந்திருந்தது; அரபெல்லாவோ விடுதியை அறிந்திருந்தாள். இரண்டுமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகின்றன. அறிவு பெண்ணைப் பற்றியதாயினும் பெண்ணிடம் உள்ளதாயினும், மதுவிடுதியின் நீதிமன்றத்தில் தீர்ப்பு ஒன்றே.

வேறு சில சான்றுகள்

இப்பார்வை இரண்டு நாவல்களுக்கு மட்டும் உரியதன்று. 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்' (1874) நாவலில், இறந்துபோன ஃபேனி ராபினின் சவப்பெட்டியை ஏற்றிவரும் ஜோசப் பூர்கிராஸ், வழியில் 'பக்ஸ் ஹெட்' விடுதியைக் கண்டதும் உள்ளே நுழைகிறான். நண்பர்களோடு அவன் குடித்துக் களிக்கும் காட்சி ஹார்டியின் நகைச்சுவைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வெளியே மூடுபனியில் வண்டி நிற்கிறது. அத்தாமதத்தால் அன்று அடக்கம் நடைபெறவில்லை. சவப்பெட்டி பத்ஷீபாவின் வீட்டில் இரவு தங்க நேர்கிறது. அவள் அதனைத் திறந்து பார்த்து, உள்ளே தாயும் சேயும் கிடக்கக் கண்டு, கணவனின் வஞ்சகத்தை அறிகிறாள். பெட்டியின்மேல் எழுதியிருந்த குழந்தையைப் பற்றிய சொற்களைக் கேப்ரியல் ஓக் முன்னரே அழித்துவிட்டிருந்தும் பயனில்லாமற்போகிறது.

'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்' (1886) நாவலில், லூசெட்டா எழுதிய பழைய காதற்கடிதங்கள் 'பீட்டர்ஸ் ஃபிங்கர்' என்னும் விடுதியில் உரக்கப் படிக்கப்படுகின்றன; அதன் விளைவாக அவளை இழிவுபடுத்தும் பொம்மை ஊர்வலம் தெருவில் வருகிறது; அதிர்ச்சியில் அவள் வீழ்ந்து இறக்கிறாள். அந்நாவலின் தொடக்கமோ இன்னும் கூர்மையானது. கைக்குழந்தையோடு நடந்துவந்த ஹென்சர்டும் அவன் மனைவி சூசனும் சந்தையில் இரண்டு கூடாரங்களைக் காண்கின்றனர். ஒன்றில் பீர் விற்கப்படுகிறது; மற்றொன்றில் கோதுமைக் கஞ்சி. கணவன் குடிக்கக்கூடாது என்றெண்ணிய சூசன் கஞ்சிக் கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். அங்கே கஞ்சியில் ரம் கலந்து விற்கிறார்கள். போதை தலைக்கேறிய ஹென்சர்ட் மனைவியை ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்றுவிடுகிறான். எச்சரிக்கையாக வழி தேர்ந்தவளே விலைபொருளாகிறாள்.

நிறையும் குறையும்

ஹார்டியின் கதைகளில் தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி என்று குறை கூறுவது நெடுநாள் வழக்கு. டிராண்ட்ரிட்ஜ் ஊரான் அந்த நகரத்து விடுதியில் அந்த நேரத்தில் எதிர்ப்பட்டது நம்பத்தக்கதா என்று வினவலாம். இதற்கு நாவலே விடை தருகிறது. அது பண்டிகைக்கு முதல்நாள். வெளியூரார் பலர் கூடிய நாள். பல ஊர்ப் பாதைகள் வந்து சேரும் இடமாக இருப்பதே விடுதியின் தொழில். ஆகவே அங்கு நிகழும் சந்திப்பு கதையின் தேவைக்காகத் திணிக்கப்பட்டதன்று. இடத்தின் இயல்பிலிருந்து எழுந்தது.

ஆனால் அதே மனிதன் பிற்பகுதியில் ஃபிளிண்ட்கோம்ப்-ஆஷ் பண்ணையின் முதலாளி குரோபியாகவும் வந்து, தன்னிடம் கூலிக்கு வந்த டெஸ்ஸைப் பழிதீர்க்கும் நோக்கோடு வதைப்பது மிகையே. விடுதி வாசலில் ஏஞ்சல் கொடுத்த அடிக்கு டெஸ் கூலி உழைப்பால் ஈடு செய்கிறாள் என்ற கருத்து ஆழமானது. ஆயினும் பெயரற்ற வழிப்போக்கனாகவே அவன் நின்றிருப்பின், ஊர் வாயின் கொடுமை இன்னும் பரந்த பொருள் பெற்றிருக்கும். ஒரு தனிமனிதனின் பகையாக அது சுருங்கிவிடுகிறது.

சிம்சோன், தெலீலாள் படத்தையும் இவ்வாறே மதிப்பிடலாம். கறைபட்ட மேசையும் வராத தேநீரும் உணர்த்தியதை, அப்படம் விரல் நீட்டிச் சுட்டிக்காட்டுகிறது. அதனினும் பெரிய குறை, அது அரபெல்லாவைத் தெலீலாளாக முன்கூட்டியே தீர்ப்பிட்டுவிடுவதாகும். டெஸ்ஸுக்காக ஊரின் தீர்ப்பை எதிர்த்து நின்ற ஹார்டி, அரபெல்லாவின் வகையில் தாமே அத்தீர்ப்புக்கு உடன்பட்டு நிற்கிறார். அவர் அன்பு காட்டிய பெண்ணுக்கு அளித்த நீதியை, அன்பு காட்டாத பெண்ணுக்கும் அளித்திருப்பின் அவர் கலை இன்னும் உயர்ந்திருக்கும்.

முடிவுரை

இன்று இங்கிலாந்தின் நிலை பெரிதும் மாறிவிட்டது. 1975ஆம் ஆண்டு பால் வேறுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதற்குப் பின்னரும் லண்டன் மதுக்கூடம் ஒன்று, மது வழங்கும் மேடையருகே நிற்கும் பெண்களுக்கு மது தர மறுத்துவந்தது. 1982ஆம் ஆண்டில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. டெஸ் நடையில் நின்றதாக எழுதப்பட்டதற்கும் இத்தீர்ப்புக்கும் இடையே 90 ஆண்டுகளுக்கு மேல் கடந்துள்ளன. வாசலில் காத்திருப்பதற்கும் உள்ளே சென்று தன் பங்கைத் தானே கேட்டுப் பெறுவதற்கும் இடைப்பட்ட தொலைவு சில அடிகளே; அதனைக் கடக்க அத்தனை காலம் தேவைப்பட்டிருக்கிறது.

ஊர்ப்புற விடுதிகளைப் பற்றிய ஆங்கில எழுத்துகளைப் படிக்கும் தமிழ் மாணவர், கணப்பின் வெப்பத்தையும் உரையாடலின் இனிமையையும் சுவைக்கத் தடையில்லை. ஜோன் டர்பிபீல்டின் ஓரிரு மணி நேர நிம்மதியை ஹார்டியே மதித்துப் போற்றியிருக்கிறார். ஆயின் அச்சுவையோடு படிப்பு முடிந்துவிடலாகாது. குதிரை வண்டியை யார் ஓட்டிச் சென்றார், வாசலில் யார் நின்றார், குவளையை யார் கழுவினார் என்று கேட்கப் பழகும்போதுதான் இலக்கியக் கல்வி நிறைவு பெறும். ஒரு கதையின் இன்பமான அறையில் அமர்ந்திருக்கும்போதே, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளியே நிற்பவர் முகத்தைக் காணும் கண்ணை ஹார்டி வாசகருக்கு அளிக்கிறார். ஆசிரியர் தம் மாணவர்க்கு அக்கண்ணை அளிப்பாராயின், ஆங்கிலச் சிற்றூரின் கதை எந்த ஊர்க் கதையாகவும் விளங்கும்.